ஜமீன் ஒழிப்புக் காலத்துக் காதல் படம்: சட்டம், உடை, விளக்கு, அரங்கம் பற்றி ஆலோசனை தேவை (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

ஒற்றைவரி

கதை இதுதான். தெற்கே நடுத்தரமான ஒரு ஜமீன். 1947 நவராத்திரியில் தொடங்கி 1951 நவராத்திரியில் முடிகிறது. ஜமீன்தாரின் இளைய மகனுக்கும் அரண்மனைக் கணக்கப்பிள்ளையின் மகளுக்கும் காதல், சாதி வேறு. இப்போதைய வரைவில் க்ளைமாக்ஸ்: சர்க்கார் ஆட்கள் வந்து அரண்மனைக்கு சீல் வைக்கிறார்கள், குடும்பம் வண்டி கட்டி வெளியேறுகிறது, காதலர்கள் பிரிகிறார்கள். நடுவில் ஒரு சதிர்க் கச்சேரி (தேவதாசிகளின் நடனம்), மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு சந்திப்பு, கிராமபோன் பாட்டு ஒன்று. எது தப்பு என்றாலும் சொல்லுங்கள். படப்பிடிப்புக்கு முன் திருத்த நேரம் இருக்கிறது.

கச்சேரிக்கணக்கு

முதலில் அந்த சீல் வைக்கும் காட்சியைத் தூக்குங்கள். 1948-ம் வருஷத்து 26-ம் சட்டம் (சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்) அரண்மனையை எடுக்கவே இல்லை. குடியிருக்கும் வீடு ஜமீன்தாருக்கே. சொந்தப் பண்ணை நிலத்துக்கு ரயத்துவாரி (சர்க்காருக்கு நேராகத் தீர்வை கட்டும்) பட்டா வாங்கிக்கொள்ளலாம். சர்க்காருக்குப் போனது குடிகள் சாகுபடி செய்த நிலத்தின் மேல் இருந்த ஜமீன் உரிமை, காடு, கண்மாய், தரிசு, பிறகு ஒரு முக்கியமான கட்டடம்: எஸ்டேட் நிர்வாகத்துக்கு மட்டுமே பயன்பட்ட கச்சேரி (ஜமீன் அலுவலகம்). அதாவது அரண்மனை இவர்களுடையது, எதிரே இருக்கும் கச்சேரி இவர்களுடையதல்ல. மாடி ஜன்னலிலிருந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். வண்டி கட்டிப் போவதைவிட இது கொடுமை, செலவும் குறைவு.

இரண்டாவது, சரிவு ஒரே நாளில் வரவில்லை. வரிசை இப்படி: 1947-ம் வருஷத்து 30-ம் சட்டம் ஜமீன் குத்தகையை அக்கம்பக்கத்து ரயத்துவாரி தீர்வை அளவுக்கு இறக்கியது. எனவே ஒழிப்புக்கு முன்பே வரவு விழுந்துவிட்டது. ஒழிப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் வந்தது 1949 ஏப்ரலில். அதன் பிறகு எஸ்டேட் எஸ்டேட்டாக அறிவிப்பு வெளியிட்டுப் பொறுப்பேற்றார்கள். உங்கள் ஜமீன் எந்த மாதம் அறிவிக்கப்பட்டது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் 1948-ல் வைக்காதீர்கள்.

நஷ்டஈடு: அடிப்படை ஆண்டுத் தொகை என்று ஒன்றைக் கணக்கிட்டு அதற்கு மடங்கு கொடுத்தார்கள். மிகச் சிறிய எஸ்டேட்டுக்கு 30 மடங்கு, மிகப் பெரியதற்கு 12½ மடங்கு. பணம் நேராக ஜமீன்தார் கையில் வராது. தீர்ப்பாயத்தில் கட்டப்படும், கடன்காரர்கள் அங்கே வந்து மனு போடுவார்கள். வெளியே ராஜ மரியாதையோடு இருந்த வீட்டின் கடன் பட்டியல் முதல் முறையாகப் பொது இடத்தில் வாசிக்கப்படுவது அங்கேதான்.

இப்போது உங்கள் கதாநாயகியின் அப்பாவைப் பாருங்கள். பொறுப்பேற்கும்போது சர்க்கார் கேட்பது கணக்கு, பதிவேடு, பட்டா, முச்சலிக்கா (குடிகள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்). அவை யார் கையில்? கணக்கப்பிள்ளை கையில். பேஷ்குஷ் (ஜமீன் சர்க்காருக்குக் கட்டும் தொகை) பாக்கி எவ்வளவு, எந்தக் கண்மாய்க்கு மராமத்துச் செலவு எழுதிவிட்டு மண்ணே வெட்டவில்லை, எந்த நகை யாரிடம் அடகு, எல்லாம் அவருக்குத் தெரியும். 1947-ல் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர், 1950-ல் ஊரில் எல்லாருக்கும் தேவைப்படும் ஒரே ஆள். காதலுக்கு வில்லனே வேண்டாம். அவர் பேரேட்டைக் கொடுக்கிறாரா, எந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கிறார் என்பதே படம்.

நாலாம்வரிசை

நல்ல தகவல், ஆனால் இதெல்லாம் தியேட்டரில் யாருக்குப் புரியும்? மடங்கு, தீர்ப்பாயம் என்று பேசினால் ஜனம் போனை எடுத்துவிடும். காதல் படம் என்றால் காதல்தான் முன்னால் இருக்க வேண்டும்.

கச்சேரிக்கணக்கு

மடங்கை வசனத்தில் வைக்கச் சொல்லவில்லை. காதல் முன்னால் இருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் இந்தக் காதலைத் தீர்மானிப்பதே சட்டம்தான். கல்யாண வருஷத்தைப் பாருங்கள்.

1948-ல் இந்த இருவரும் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால், சாதி வேறு என்பதால் சடங்குக் கல்யாணம் செல்லுமா என்பது நிச்சயமில்லை. பத்திரமான வழி 1872-ம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தில் பதிவு. 1923 திருத்தத்துக்குப் பிறகு இந்துக்கள் மதத்தைத் துறக்காமலே பதியலாம். விலை ஒன்று உண்டு: அப்படிப் பதிந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து அந்த ஆள் பிரிந்ததாகச் சட்டமே கருதும்.

1949-ல் இந்து திருமணங்கள் செல்லுபடிச் சட்டம் வந்தது. சாதி வேறு என்பதற்காக மட்டும் கல்யாணம் செல்லாது என்று சொல்ல முடியாது. தாலி கட்டினால் போதும், குடும்பத்திலிருந்து பிரிய வேண்டியதில்லை.

இதோடு சொத்தையும் சேருங்கள். 1904-ம் வருஷத்துப் பிரிக்கவொண்ணா எஸ்டேட் சட்டப்படி ஜமீன் மூத்தவனுக்கு, இளையவனுக்கு ஜீவனாம்சம். எஸ்டேட் அறிவிக்கப்பட்டதும் அந்தக் கட்டு அவிழ்கிறது, நஷ்டஈட்டில் குடும்பத்தாருக்குப் பங்கு வருகிறது. அதுவரை ஒன்றுமில்லாத இளையவனுக்கு, வீடு விழும்போதுதான் முதன்முதலாகக் கையில் காசு. 1948-ல் அவசரப்பட்டுப் பதிவுக் கல்யாணம் செய்திருந்தால், 'நீ அன்றைக்கே பிரிந்தவன்' என்று அண்ணனின் வக்கீல் சொல்ல இடமிருக்கிறது. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் பங்கும் பெண்ணும். இதை ஜனத்துக்கு விளக்க ஒரு வசனம் போதும்.

இன்னொன்று: அப்பா இரண்டாவது, மூன்றாவது ராணி எடுப்பதாக 1950-ல் காட்சி இருந்தால் வெட்டுங்கள். சென்னை மாகாணத்தில் இந்து இருதார மணத் தடை 1949-லேயே சட்டமாகிவிட்டது.

ஒற்றைவரி

இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் கல்யாணத்தை இடைவேளைக்கு முன்னாலேயே வைக்கலாம் போலிருக்கிறது. சதிர்க் கச்சேரி?

கச்சேரிக்கணக்கு

1947-ம் வருஷத்து 31-ம் சட்டம் பொட்டுக் கட்டுவதையும் (பெண்ணைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்வது) கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் ஆடுவதையும் தடுத்தது. அரண்மனைக் கூடத்தில் ஆடினால் நேரடிக் குற்றமில்லை. ஆனால் அரண்மனை நவராத்திரி என்பது அம்மன் சன்னதியோடு சேர்ந்த விழா. திவான் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்பார். ஆட வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கும் சன்மானமும் கொடுத்து ஆடாமலே அனுப்பும் காட்சி எடுங்கள். ஆடும் காட்சி ஆயிரம் படத்தில் இருக்கிறது.

சுண்ணாம்புச்சுவர்

அரங்கம் பற்றி. 'சரிந்த அரண்மனை' என்றதும் ஆர்ட் டிபார்ட்மென்ட் முதலில் கொண்டுவருவது ஸ்ப்ரே ஒட்டடை. 1951-ல் இந்த வீட்டில் இன்னும் எட்டுப் பத்து வேலைக்காரர்கள் இருப்பார்கள், ஒட்டடை அடிப்பார்கள். குறைவது பெருக்குகிற ஆள் அல்ல, மராமத்து. அதனால் அழுக்கைக் காட்டாமல் பழுதைக் காட்ட வேண்டும்:

மழைநீர்க் குழாய் வாய்க்குக் கீழே சுவரில் கருப்புத் தாரை. கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை உப்புப் பூத்துப் பொரிந்த சுண்ணாம்பு, அதற்கு மேலே சுவர் நன்றாகவே இருக்கும். ஈரம் கீழிருந்து ஏறுவதால் அப்படித்தான் ஆகும். செட் போடுபவர்கள் சுவர் முழுக்கச் சீராகப் பொரிய வைப்பார்கள், அங்கேதான் பொய் தெரியும். சரவிளக்கில் தொங்கட்டான் கண்ணாடிகள் வரிசை தவறி இல்லாமல் இருக்கட்டும், ஒரே பக்கமாக அல்ல.

பயன்படுத்தும் அறைகள் குறைவதையும் காட்டலாம். 1947-ல் ஐந்து கூடங்களில் விளக்கு, 1951-ல் இரண்டில். மற்றவற்றில் நாற்காலிகள் சுவரோரம், சரவிளக்கு துணிப் பைக்குள்.

பழைய கண்ணாடி செய்யும் முறை: மலிவான நிலைக்கண்ணாடி வாங்கிப் பின்புறப் பெயின்டை ரிமூவர் போட்டு மெதுவாக எடுங்கள். ரசப்பூச்சு தெரிந்ததும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் மட்டும் ஒற்றுங்கள். புள்ளி விழ ஆரம்பித்ததும் நிறையத் தண்ணீர் விட்டு நிறுத்த வேண்டும், விட்டால் வழித்துக்கொண்டு போய்விடும். காய்ந்தபின் பின்புறம் மட் கருப்பு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கையுறை, திறந்தவெளி கட்டாயம். புள்ளி நடுவில் விழுந்தால் நாயகியின் முகம் தெரியாது, ஓரத்தோடு நிறுத்துங்கள்.

நிஜ அரண்மனையில் எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. முட்டை வெண்கரு கலந்து தேய்த்த சுண்ணப் பூச்சில் கேஃபர் டேப் (படப்பிடிப்பில் ஒயர், துணி ஒட்டும் பட்டை) ஒட்டினால், எடுக்கும்போது பளபளப்பு மேல்தோலோடு வந்துவிடும், திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. ஸ்டாண்டில் கட்டுங்கள், சுவரில் ஒட்டாதீர்கள். அழுக்கு வேண்டுமென்றால் சாக்பீஸ் தூளும் காவியும் நீர்த்த பசையில் கரைத்துப் பூசி, ஈரத் துணியால் துடைத்தால் போகிறதா என்று மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

நாலாம்வரிசை

ஒட்டடை ஒரு நொடியில் புரியும். உப்புப் பூத்த சுவரை யார் கவனிப்பார்?

சுண்ணாம்புச்சுவர்

யாரும் கவனிக்க வேண்டாம். நம்பினால் போதும்.

சரிகைக்கரை

உடைக்கு வருகிறேன். முதலில் நீக்க வேண்டியவை: ஸ்டிக்கர் பொட்டு (சாந்து அல்லது குங்குமம்தான்), தோளில் கத்திபோல் மடித்துப் பின் குத்திய முந்தானை, புடவையின் கீழ்க் கரையில் தைத்த ஃபால், பாலியஸ்டர் கலந்த பட்டு, பின்பக்கம் ஜிப். ரவிக்கைக்கு முன்பக்கக் கொக்கி, கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, தோளில் லேசான பஃப். வயதான பெண்களுக்கு அந்தந்தக் குடும்பக் கட்டு, இளையவளுக்குப் பாவாடை தாவணி, பிறகு ஆறு கஜம். எல்லாரும் ஒரே கட்டு கட்டியிருந்தால் அது துணிக்கடை விளம்பரம்.

பிளாஸ்டிக் சரிகை எல்ஈடி வெளிச்சத்தில் நீலமாக வெட்டும். வெள்ளி இழையில் தங்கமுலாம் பூசிய பழைய சரிகை மஞ்சளாக, மங்கலாக மின்னும். எல்லாவற்றுக்கும் அசல் வாங்க முடியாது. க்ளோஸப் வரும் இரண்டு புடவைகளுக்கு மட்டும் அசல் தேடுங்கள், மற்றவற்றை ஐந்தடி தள்ளி நிறுத்துங்கள்.

பெட்டியில் கிடந்த பட்டு எங்கே கிழியும் தெரியுமா? மடிப்பில். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால், சரிகை கனத்தில் பட்டிழை அந்தக் கோட்டிலேயே விட்டுவிடும். ராணி 1951 நவராத்திரிக்கு எடுக்கும் புடவையை உதறும்போது மடிப்போடு நீளமாக விடட்டும். தயாரிப்பதும் சுலபம்: மடிப்புக் கோட்டில் பின்புறமாக உப்புத்தாளால் தேய்த்து, குறுக்கிழையை ஊசியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அறுத்து வைக்க வேண்டும். ஒரு டேக்குக்கு ஒரு புடவை போகும், மூன்று தயார் செய்யுங்கள்.

அடுத்து, பழைய சரிகைக்கு வெள்ளி விலை உண்டு, வாங்கி உருக்குபவர்கள் வருவார்கள். கரையும் முந்தானையும் வெட்டி எடுக்கப்பட்ட வெறும் பட்டு உடல் ஒன்று வேலைக்காரி மகள் மேல் பாவாடையாக வந்தால், வீட்டில் என்ன நடக்கிறது என்று நாயகி ஒரு பார்வையில் புரிந்துகொள்வாள். நகையை விற்பதாகக் காட்டுவது வழக்கம், அதற்கு முன்னால் சரிகை போகும். நகையிலும் முதலில் போவது கல். வைரத்தோடு காதில் இருக்கும், கல் மட்டும் மாறியிருக்கும். வெளியாருக்குத் தெரியாது, பொற்கொல்லனுக்கும் ராணிக்கும் மட்டும் தெரியும்.

ஆண்களுக்கு: இளையவன் கதர் ஜிப்பாவுக்கு மாறும் நாளை முடிவு செய்யுங்கள். அதற்குக் காதலும் காரணமாகலாம், காங்கிரஸும் ஆகலாம். இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

குறைந்தஒளி

மெழுகுவர்த்திச் சந்திப்பு. எல்லாரும் 1975-ல் இயக்குநர் குப்ரிக் 'பாரி லிண்டன்' படத்தில் செய்ததைக் காட்டித்தான் இதைக் கேட்கிறார்கள். அங்கே நாசாவுக்காகச் செய்யப்பட்ட ஜைஸ் 50 மிமீ எஃப்/0.7 லென்ஸ், 100 ஏஎஸ்ஏ ஃபிலிமை ஒரு ஸ்டாப் தள்ளி, அதாவது இருமடங்கு உணர்திறன் வருமாறு, கழுவினார்கள். ஃபோகஸ் ஆழம் அவ்வளவு குறைவு, நடிகர்கள் தலையை அசைக்கவே யோசிக்க வேண்டும். பகல் உள்காட்சிகளுக்கு ஜன்னலுக்கு வெளியே விளக்கு வைத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்றைய கேமராவுக்குக் கணக்கு எளிது. ஐஎஸ்ஓ 3200, எஃப்/2, 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர்: முகத்தில் சுமார் 15 லக்ஸ் (வெளிச்ச அளவு) வேண்டும். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டரில் ஏறக்குறைய ஒரு லக்ஸ், அரை மீட்டரில் நாலு. எனவே நாலு வர்த்தி அரை மீட்டரில் இருந்தால் முகம் வந்துவிடும். பின்னால் இருக்கும் கூடம் வராது, அதற்குத் தனியாக மறைவு வெளிச்சம். வெள்ளை பேலன்ஸை 1900 கெல்வினுக்கு இறக்கிவிடாதீர்கள், தீ வெளிச்சம் பகல்போல் வெளுத்துவிடும். 2800–3200-ல் வைத்தால் தீ தீயாக இருக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டிகளை ஒரு படி மங்கலாகச் சாயமிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வர்த்திக்குப் பக்கத்தில் நெஞ்சு மட்டும் படத்தில் வெளுத்துவிடும்.

ஆனால் அடிப்படைக் கேள்வி: 1948-ல் தெற்கத்தி ஜமீனில் ஏன் மெழுகுவர்த்தி? குத்துவிளக்கு, அரிக்கேன், விசேஷத்துக்குப் பெட்ரோமாக்ஸ். பைகாரா மின்சாரம் 1932-லேயே வந்தது, பாபநாசம் 1944. ஆகவே வசதியுள்ள அரண்மனையில் பல்பு இருந்தாலும் தவறில்லை, ஊரில் இருக்கக் கூடாது. இந்தப் படத்துக்கு என் ஓட்டு பெட்ரோமாக்ஸுக்கு. 300 மெழுகுவர்த்தி சக்தி விளக்கு மூன்று மீட்டரில் 30 லக்ஸுக்கு மேல் தருகிறது, முழு முகமும் சுவரும் கிடைக்கும். நிறம் மெழுகுவர்த்தியைவிட வெளுப்பு, நிழல் கூர்மை. அந்த வெளிச்சத்தில் காதல் அழகாக இருக்காது, எல்லாம் தெரிந்துவிடும். அதுதான் நல்லது.

எரியும் பெட்ரோமாக்ஸை வைத்தே படம் பிடிக்க வேண்டாம். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி பம்ப் அடித்து ஏற்ற நேரமாகும். ஒருமுறை எரிந்த மேன்டில் (ஒளிரும் வலைத் திரி) சாம்பல்தான், தூக்கி நடந்தால் உதிரும். ஏற்றும் காட்சிக்கு மட்டும் நிஜ விளக்கு. மற்றதற்கு உள்ளே பேட்டரி பல்பு, மேலே மங்கல் உறை, டிம்மரில் மிக லேசான ஆட்டம். மின்சாரத்தில் ஓடும் அலங்கார விளக்குகள் ஃபிரேமில் இருந்தால் ஷட்டரை 172.8-க்கு மாற்றுங்கள், 50 ஹெர்ட்ஸ் துடிப்பு போய்விடும்.

முள்ளும்தட்டும்

மேலே சொன்னதற்கு ஒலிப் பக்கமும் காரணம் உண்டு. நிஜ பெட்ரோமாக்ஸின் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவும், வசனத்திலிருந்து பிரிக்க முடியாது. தனியாகப் பத்து நிமிஷம் பதிவு செய்து பின்னால் சேருங்கள். விளக்கு அணையும்போது அந்த இரைச்சல் இறங்குவதையும் தனியாக எடுங்கள், மிக்ஸிங்கில் கேட்பார்கள்.

கிராமபோன். 78 சுழற்சித் தட்டு, பத்து அங்குலம், ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம். எல்பி தட்டைச் சுழலவிட்டு எடுக்காதீர்கள், வேகம் கண்ணுக்கே தெரியும். இரும்பு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று, பிறகு மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்க வேண்டும், இறங்கினால் பாட்டு சுருதி சாயும். அதனால் உங்கள் பாட்டை நாலரை நிமிஷத்துக்கு எழுதிவிட்டுக் கிராமபோனில் ஓடுவதாகக் காட்ட முடியாது. மூன்று நிமிஷத்தில் முதல் பக்கம் முடியட்டும். தட்டைத் திருப்பி, முள்ளை மாற்றி, சாவி கொடுக்க ஒரு அரை நிமிஷம் ஆகும். கோஷா (பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வராத வழக்கம்) உள்ள வீட்டில் பெண்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டு ஓடும்போது யாரும் பேச முடியாது. அந்த அரை நிமிஷம்தான் இருவருக்கும் கிடைக்கும் நேரம், வசனத்தை அதற்குள் எழுதுங்கள்.

ஒற்றைவரி

மெழுகுவர்த்தி போனது, சதிர் போனது, சீல் போனது. க்ளைமாக்ஸ் இப்போது தீர்ப்பாயத்தில் வருகிறது என்று நினைக்கிறேன். அரண்மனையில் நாற்காலியே கொடுக்கப்படாத கணக்கப்பிள்ளையும் ஜமீன்தாரும் அங்கே ஒரே பெஞ்சில். இளையவன் எந்தப் பக்கம் உட்காருகிறான் என்று முடிவு செய்யவில்லை. கடைசி நவராத்திரியை அதற்கு முன் வைக்கவா, பின்னாலா?

கச்சேரிக்கணக்கு

பின்னால். மகர்நோன்பு (விஜயதசமி) அன்று ஜமீன்தார் அம்பு விடும் வழக்கம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமெல்லாம் இருந்தது. தீர்ப்பாயத்தில் கடன் பட்டியல் வாசிக்கப்பட்ட பிறகும் அவர் அம்பு விட வேண்டும், ஊரும் வர வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்மேல் மனு போட்டவர்கள்.

குறைந்தஒளி

இரண்டு நவராத்திரியையும் ஒரே ஷெட்யூலில் எடுங்கள், 1947-ஐ முதலில். ஒரே கேமரா இடம், ஒரே லென்ஸ், விளக்கு மட்டும் குறையட்டும்: முதலில் இருபது பெட்ரோமாக்ஸ், இரண்டாவதில் ஆறு. இரண்டாவதற்கு ஐஎஸ்ஓவைக் கூட்டி ஈடு கட்டாதீர்கள், இருட்டாகவே விடுங்கள். கலரிஸ்ட் அதைத் தூக்கிவிடுவார், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரிகைக்கரை

ஆர்டரை மாற்றினால் மடிப்புக் கிழிசல் புடவை கன்டினியூட்டியில் இடிக்கும். 1947-ல் ராணி உடுத்துவதும் அதே புடவைதான், மூன்றையும் கிழிப்பதற்கு முன் 1947 காட்சிகளை எடுத்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.